யாரூட்டுப் புள்ள? தெருவும் கேமராவும் பெண்ணும்

சோமனூர்ப் பக்கம் ஒரு பெண் தெருவில் சும்மா நின்றால் இரண்டு கேள்விகள் வரும். "எங்கம்மணி போற?" என்பது முதல் கேள்வி. முகம் தெரியாதவளாக இருந்தால் "யாரூட்டுப் புள்ள நீயி?" என்பது இரண்டாவது. கேட்பவர் பெரும்பாலும் பாசத்தோடுதான் கேட்கிறார். ஆனால் முதல் கேள்வி அவளிடம் காரணம் கேட்கிறது. இரண்டாவது அவளுடைய அப்பனையும் அதன் வழியாகச் சாதியையும் கேட்கிறது. தார் சுற்றப் போகிறேன், ரேஷன் கடைக்கு, கோயிலுக்கு, பஸ்ஸுக்கு என்று எதையாவது சொல்லியாக வேண்டும். "சும்மா பாத்துட்டு நிக்கிறேன்" என்ற பதிலுக்கு இந்தத் தெருக்களில் இடமில்லை.

புகைப்படக் கலையில் ஒரு வகையே இந்தச் சும்மா நிற்பதன் மேல் எழுந்தது. யாரையும் போஸ் கொடுக்கச் சொல்லாமல், தெருவில் நடப்பதை நடக்கிறபடியே எடுப்பது. காய்கறிக்காரியிடம் பேரம் பேசுகிறவர், வாசற்படியில் தூங்கும் கிழவர், பஸ்ஸுக்கு ஓடும் பெண். தெருப் புகைப்படம் என்று இன்று அதற்குப் பெயர். அதன் வரலாற்றைப் படிக்கும்போது ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. தெருவை எடுத்த பெண்களில் முக்கியமான பலர் சொந்த ஊரில் அதைச் செய்யவில்லை. அந்நிய நகரத்தில் செய்தார்கள். சொந்த நகரத்திலேயே எடுத்தவர்களோ ஏதோ ஒரு காரணத்தைக் கையில் வைத்திருந்தார்கள். இது தற்செயல் அல்ல என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

காரணம் கேட்கப்படாத மனிதன்

1925இல் ஜெர்மனியில் லைகா கேமரா விற்பனைக்கு வந்தது. கோட்டுப் பைக்குள் அடங்கும். முக்காலி வேண்டாம். சினிமாவுக்கான 35 மி.மீ. பிலிமில் ஒரே சுருளில் 36 படங்கள் எடுக்கலாம். 1929இல் வந்த ரோலிஃபிளெக்ஸை வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கலாம். எதிரே இருப்பவரைக் கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டியதில்லை. படம் எடுப்பவர் தெருவில் கரைந்துபோக முடிந்தது இந்தக் கருவிகளால்தான். 1932இல் லைகா வாங்கிய பிரான்ஸ்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் ஊர் ஊராக, நாடு நாடாக நடந்தார். தெருப் புகைப்படக்காரர் என்றதும் மனதில் எழும் உருவம் அவருடையதுதான்: தனியாக, அவசரமில்லாமல், யார் கண்ணிலும் படாமல் நடக்கும் ஓர் ஆண்.

நம்மிடமும் அப்படி ஒருவர் உண்டு. 1911இல் கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் 1930களில் டோக்கியோவிலும் பிறகு நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தார். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போதுதான் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. படம் 1940இல் வெளிவந்தது. அதே ஆண்டில் வந்த அவருடைய பயண நூலின் பெயர் 'உலகம் சுற்றும் தமிழன்'. அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தலைப்பில் 'தமிழச்சி' என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் கடல் கடந்த பெண்களும் இருந்தார்கள். முத்துலட்சுமி ரெட்டி 1920களின் நடுவில் மருத்துவ மேற்படிப்புக்காக லண்டன் போனார். அவர் கையில் காரணம் இருந்தது: படிப்பு, உதவித்தொகை, மாநாடு. ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்றே போவது, பார்த்ததை எழுதுவதும் படமெடுப்பதுமே தொழிலாக வைத்துக்கொள்வது என்பது தமிழனுக்குக் கிடைத்த அளவுக்குத் தமிழச்சிக்குக் கிடைக்கவில்லை.

இது நமக்கு மட்டும் உரிய குறையல்ல. லண்டனில் வாழ்ந்த வர்ஜீனியா வுல்ஃப் 1927இல் எழுதிய ஒரு கட்டுரையில், மாலையில் தெருவில் உலாவ ஆசைப்படுகிறவர் பென்சில் வாங்கப் போவதாக ஒரு சாக்கு வைத்துக்கொள்கிறார். ஐரோப்பிய இலக்கியம் கொண்டாடிய 'நகரத்தில் உலாவுகிறவன்' என்ற பாத்திரத்துக்குப் பெண்பால் ஏன் இல்லை என்று சமூகவியலாளர் ஜேனட் வுல்ஃப் 1985இல் ஒரு கட்டுரையில் கேட்டார். பெண்கள் தெருவில் இல்லாமல் இல்லை. தண்ணீர் எடுக்க, வேலைக்கு, சந்தைக்கு என்று எப்போதும் இருந்தார்கள். உலாவுகிறவர்களாக மட்டும் இருக்க விடப்படவில்லை.

மில்லிலிருந்து மெக்ஸிகோவுக்கு

நெசவும் நூற்பும் சோறு போடும் எங்கள் ஊரிலிருந்து பார்க்கும்போது மிக நெருக்கமாகத் தெரிகிறவர் டினா மொடோட்டி. 1896இல் இத்தாலியின் உதினே நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா பிழைப்புத் தேடி அமெரிக்கா போய்விட, பள்ளியை விட்டுப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பட்டு மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். 1913இல் கப்பலேறி சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்த் தையல் வேலை செய்தார். நாடகத்திலும் சினிமாவிலும் நடித்தார். 1923இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டனோடு மெக்ஸிகோ நகரத்துக்குப் போனார். ஸ்டுடியோவை நடத்த உதவுவது, பதிலுக்குப் புகைப்படம் கற்றுக்கொள்வது என்பது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு.

வெஸ்டன் ஊர் திரும்பிய பிறகும் மொடோட்டி அங்கேயே இருந்தார். தலையில் பெரிய தொப்பிகளோடு ஊர்வலம் போகும் தொழிலாளர்களை 1926இல் மேலிருந்து எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. சுமை தூக்குகிறவர்கள், செய்தித்தாள் படிக்கும் விவசாயிகள், துணி துவைக்கும் கைகள் என்று அவர் கேமரா போன இடமெல்லாம் உழைப்பு இருந்தது. 1929இல் தெற்கே தெஹுவாந்தெபெக் பகுதிக்குப் போய், சந்தையை ஆளும் பெண்களைக் கேமராவைக் கையில் பிடித்தபடியே எடுத்தார். தலையில் குடத்தோடும் இடுப்பில் பிள்ளையோடும் நடந்துகொண்டே இருக்கும் பெண்கள் அவர்கள். சில படங்கள் கலங்கலாக விழுந்தன. அந்தப் பெண்கள் கேமராவுக்காக நிற்கவில்லை என்பதற்கு அந்தக் கலங்கலே சாட்சி. மில் வேலையும் பசியும் தெரிந்தவர் எடுத்த படங்கள் இவை. அந்தப் பெண்களின் உழைப்பு அவருக்கு வேடிக்கைக் காட்சியாக இல்லை.

அந்நிய நகரம் தந்த சுதந்திரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. 1929 ஜனவரி 10 இரவு, மொடோட்டியோடு தெருவில் நடந்து வந்துகொண்டிருந்த அவருடைய காதலர், கியூபப் புரட்சியாளர் ஹூலியோ அந்தோனியோ மெயா சுட்டுக் கொல்லப்பட்டார். அது அரசியல் கொலை. ஆனால் விசாரணையும் பத்திரிகைகளும் திரும்பியது மொடோட்டியின் பக்கம். அவருக்கு எத்தனை காதலர்கள், அவர் எப்படி வாழ்கிறார் என்பதே பேச்சாயிற்று. வெஸ்டன் எடுத்த அவருடைய நிர்வாணப் படங்கள் அவருடைய ஒழுக்கத்துக்கு எதிரான சாட்சியம் போல் கையாளப்பட்டன. கேமராவால் உலகத்தைப் பார்த்த பெண்ணை அடிக்க, அவளைப் பார்த்த கேமராவின் படத்தையே எடுத்தார்கள்.

1930 பிப்ரவரியில் மெக்ஸிகோ அரசு அவரை நாடு கடத்தியது. பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே லைகா கேமராவோடு பெண்களும் பத்திரிகைக்குப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். செய்திப்பட வேலை அவருக்கும் வந்தது. அந்த வேலைக்குத் தான் பொருந்தமாட்டேன் என்றும், அதற்கு வேண்டிய முரட்டுத்தனம் தன்னிடம் இல்லை என்றும், அது ஆண்கள் வேலையாகவே தோன்றுகிறது என்றும் வெஸ்டனுக்குக் கடிதம் எழுதினார். வெகுசீக்கிரம் புகைப்படத்தையே விட்டுவிட்டுக் கட்சி வேலையில் இறங்கினார். 1942இல் மெக்ஸிகோ நகரத்திலேயே இறந்தார். அவர் கேமராவோடு இருந்த காலம் பத்து ஆண்டுகூட இல்லை. போலீசையும் நாடுகடத்தலையும் தாங்கிய ஒரு பெண்ணுக்குத் தெருவில் கேமரா தூக்குவது மட்டும் ஏன் ஆண்கள் வேலையாகத் தோன்றியது? தெருவில் முன்பின் தெரியாதவரைப் பார்ப்பது என்பதே ஆணுக்கு உரிமையாகவும் பெண்ணுக்கு அத்துமீறலாகவும் பழக்கப்பட்டிருந்தது. சட்டம் எதுவும் போடாமலேயே வேலை செய்யும் தடை அது.

கையில் வைத்திருந்த காரணங்கள்

இந்தத் தடையை ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாகக் கடந்தாள். நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் சுண்ணாம்புக் கட்டியால் தெருவில் கிறுக்கி விளையாடும் பிள்ளைகளை எடுத்த ஹெலன் லெவிட், தன் லைகாவில் ஒரு கோணக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார். முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்க, கேமரா வேறு பக்கம் பார்க்கும். 1941இல் அவர் மெக்ஸிகோ நகரத்துக்கும் போய்த் தெருக்களை எடுத்தார்.

விவியன் மேயருக்குக் குழந்தைகள் காரணமானார்கள். பிறந்தது நியூயார்க்கில், 1926இல். சிறு வயதில் சில காலம் அம்மாவின் நாடான பிரான்சில் வளர்ந்தார். பிறகு சிகாகோவின் வசதியான வீடுகளில் சுமார் நாற்பது ஆண்டுகள் பிள்ளை பார்க்கும் வேலை செய்தார். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நகரம் முழுக்க நடந்தார். கழுத்தில் ரோலிஃபிளெக்ஸ் தொங்கியது. ஆயாவை யார் கவனிப்பார்கள்? ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் சேர்ந்தன. பலவற்றை அவர் பிரிண்ட் போட்டுப் பார்க்கவே இல்லை. பல சுருள்கள் கழுவப்படாமலே கிடந்தன. வாடகை கட்டாததால் 2007இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்குப் போயின. 2009இல் அவர் இறந்த பிறகுதான் உலகம் அந்தப் படங்களைக் கொண்டாடியது. கூலிக்குப் பிள்ளை வளர்த்த பெண்ணுக்குப் படமெடுக்க நேரம் கிடைத்தது, தனியறையும் பிலிம் கழுவக் காசும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே அந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

இந்தியாவின் முதல் பெண் செய்திப்படக்காரர் என்று அறியப்படும் ஹோமாய் வியாரவாலாவின் கதையும் இதோடு சேரும். 1913இல் நவ்சாரியில் பிறந்தவர். 1930களின் இறுதியில் பம்பாயின் அன்றாட வாழ்க்கையை அவர் எடுத்த படங்கள் பல, கணவர் மானெக்ஷாவின் பெயரில்தான் பத்திரிகைகளில் வந்தன. சேலை கட்டிய பெண் கேமராவோடு திரிவதைப் பார்த்தவர்கள், சும்மா பகட்டுக்கு வைத்திருக்கிறாள் என்று நினைத்தார்களாம். தன்னை யாரும் பொருட்படுத்தாததே தனக்கு வசதியாகப் போயிற்று, எந்த இடத்திலும் தடுக்கவில்லை என்று பிற்காலத்தில் சொன்னார். கோணக் கண்ணாடி, கையில் பிள்ளை, கணவர் பெயர், அலட்சியம். இந்தப் பெண்கள் தெருவில் நிற்பதற்குக் கொடுத்த விலைகள் இவை.

இவற்றோடு அந்நியத்தையும் சேர்க்க வேண்டும். யாரூட்டுப் புள்ள என்ற கேள்வி அந்நிய ஊரில் எழாது; எழுந்தாலும் பதில் யாருக்கும் புரியாது. இதற்குக் கொங்கு நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஆக்ஸ்போர்டில் ஆய்வு மாணவியாக இருந்த பிரெண்டா பெக் 1964 முதல் 1966 வரை காங்கேயம் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கினார். டேப் ரிக்கார்டரும் கேமராவும் கொண்டுவந்தார். அண்ணன்மார் கதையை உடுக்கடிக் கலைஞர்கள் பாடப் பாடப் பதிவு செய்தார். வீடு, கோயில், வயல், சடங்கு என்று எல்லாவற்றையும் கேட்டார், குறித்தார். கொங்குச் சமூகத்தின் சாதிப் பிரிவுகளைப் பற்றிய அவருடைய நூல் 1972இல் வந்தது. அந்தத் தலைமுறையின் கொங்கு வாழ்க்கையை அறிய இன்றும் நாம் அவரிடம்தான் போகிறோம். அதே ஊரில் அதே வயதில் இருந்த ஒரு பெண், சாதித் தெருக்களைத் தாண்டி வீடு வீடாகப் போய் அதே கேள்விகளைக் கேட்டிருக்க முடியுமா? வெள்ளைக்காரி என்பதால் ஊர் அவரைக் கணக்கில் வராத ஆளாக, விருந்தாளியாக வைத்திருந்தது. நம் பெண்களுக்கு அந்த விதிவிலக்கு கிடைக்கவில்லை.

பார்க்கப்பட்டவர்களின் பக்கம்

அந்நியர் பார்வையை மட்டும் கொண்டாடிவிட்டுப் போகவும் முடியாது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா', சாதியும் குலமும் பெயரிட்டு இந்திய மக்களைப் படங்களாக வகைப்படுத்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் அச்சான தபால் அட்டைகளில் தண்ணீர்க் குடத்தோடும் முறத்தோடும் பெண்கள் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை, வேலையும் சாதியும் மட்டும் உண்டு. கலைஞர் புஷ்பமாலா என். 2000 முதல் 2004 வரை புகைப்படக்காரர் கிளேர் அர்னியோடு சேர்ந்து செய்த படத்தொடரில், இப்படிப்பட்ட தென்னிந்தியப் பெண் 'மாதிரி'களாகத் தானே வேடமிட்டு நின்று அந்தப் பார்வையைக் கேலி செய்தார். எடுப்பவருக்குப் பெயரும் எடுக்கப்பட்டவருக்கு அடையாளச் சீட்டும் என்ற ஏற்றத்தாழ்வு தெருப் புகைப்படத்திலும் தொடர்கிறது. பெண் எடுத்தாள் என்பதால் மட்டும் அது தீர்ந்துவிடாது. மேயர் எடுத்த கிழவிகளிடமும் யாரும் அனுமதி கேட்கவில்லை. மேயரிடமும் யாரும் கேட்கவில்லை.

கொங்கு நாட்டில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. இங்கே பெண்ணுக்குக் கேமரா என்றால் முதலில் பயம்தான். 2019இல் வெளிவந்த பொள்ளாச்சி வழக்கில், பாலியல் வன்கொடுமையைச் செல்போனில் வீடியோவாக எடுத்து அதையே வைத்துப் பெண்களை மிரட்டினார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. தண்டனை வந்துவிட்டது, ஆனால் அந்த ஆறு ஆண்டுகளில் எத்தனை வீடுகளில் பெண்பிள்ளைகளிடமிருந்து போனைப் பிடுங்கினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து படமெடுப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் குற்றமாக்கியது. சட்டத்தின் அர்த்தம் குற்றவாளியின் கையிலிருக்கும் கேமராவைப் பிடுங்குவது. வீடுகள் பிடுங்கியதோ பெண்ணின் கையிலிருந்ததை.

நம் தெருக்களின் மிக அதிகம் பார்க்கப்பட்ட படங்கள் எவை என்று யோசித்தால் இன்னொரு கசப்பான உண்மை தெரிகிறது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கரும் கௌசல்யாவும் பட்டப்பகலில் வெட்டப்பட்டதைக் கண்காணிப்புக் கேமரா பதிவு செய்தது. 2015இல் கோகுல்ராஜ் கடைசியாகத் திருச்செங்கோடு கோயிலில் தோழியோடு காணப்பட்டதும் கண்காணிப்புக் கேமராவில்தான் இருந்தது. வழக்கில் அது சாட்சியமானது. சாதி கடந்து இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் அந்தக் காட்சி நம் ஊரில் என்னவாக முடியும் என்பதற்கு இவை ஆவணங்கள். யாரூட்டுப் புள்ள என்ற கேள்வியின் கடைசி வடிவம் அரிவாள். அந்தக் கேள்வியைக் கேட்க முடியாத தெரு ஒன்று இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் சும்மா நடந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

சோமனூர் செய்திப் படங்களில் எப்போது வருகிறது? 2017 செப்டம்பர் 7 அன்று பேருந்து நிலையத்தின் கூரை இடிந்து ஐந்து பேர் இறந்தபோது வந்தது. கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகள் நிற்கும்போது, 2022இல் நடந்ததுபோல், வருகிறது. இரண்டும் வர வேண்டியவைதான். ஆனால் தறி ஓடும் நாள் யார் படத்திலும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து தார் சுற்றும் பாட்டி, பாவு பிணைக்கும் கைகள், இரவு ஷிப்டு முடிந்து பஞ்சுத் தூசியோடு டீக்கடையைத் தாண்டிப் போகும் பெண்கள் யாருடைய ஆவணத்திலும் சேரவில்லை. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் கல்யாணச் செலவுக்கு மூன்றாண்டு முடிவில் மொத்தப் பணம் என்று சொல்லி நூற்பாலை விடுதிகளில் அடைக்கப்பட்ட இளம்பெண்களைப் பற்றி 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் அறிக்கை வெளியிட்டன. அவர்களில் பலருக்கு வெளியே போவதும் போனில் பேசுவதும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. கோவை, திருப்பூர்த் துணி உலகத்தின் தெருக்களுக்கெல்லாம் போனது. அதை நூற்ற பெண்ணுக்கு ஆலை வாசலுக்கு வெளியே இருந்த தெருவே அந்நிய நகரமாக இருந்தது.

2003இல் பெங்களூரில் ஜஸ்மீன் பதேஜா தொடங்கிய 'பிளாங்க் நாய்ஸ்' இயக்கத்தில், தெருவில் தொல்லை கொடுக்கும் ஆண்களைப் பெண்கள் படமெடுத்தார்கள். 2011இல் வெளிவந்த 'ஒய் லாய்ட்டர்?' நூலில் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் ஒரு படி மேலே போய், பாதுகாப்பு தாருங்கள் என்று கேட்பதைவிட, காரணமில்லாமல் பொதுவெளியில் இருக்கும் உரிமையைக் கேட்க வேண்டும் என்று வாதிட்டார்கள். மும்பையை வைத்து எழுதப்பட்டது அந்த நூல். சோமனூருக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஏனென்றால் பாதுகாப்பு என்ற பெயரில்தான் இங்கே பெண்ணை வீட்டுக்குள் வைக்கிறார்கள், கண்காணிப்புக் கேமராவை வெளியே வைக்கிறார்கள்.

இன்று தறிக்குடோனில் வேலை செய்யும் பெண்ணிடமும் கேமரா உள்ள போன் இருக்கிறது. மொடோட்டி தூக்கிச் சுமந்த கருவியைவிட அது வேகமானது. இல்லாதது தெருவில் அதை உயர்த்தும் உரிமை. அந்த உரிமை கிடைத்தால், பாவு பிணைக்கும் அக்காவைப் படமெடுக்கிறவள் அந்த அக்காவின் பெயர் தெரிந்தவளாக இருப்பாள். கேட்டுவிட்டு எடுக்கவும், வேண்டாம் என்றால் விட்டுவிடவும், எடுத்ததைக் காட்டவும் முடிகிற தூரத்தில் இருப்பாள். தபால் அட்டைக்காரர்களிடம் இல்லாத பொறுப்பு அது. அந்நிய நகரம் பெண்ணுக்குக் கொடுத்தது, கேள்வி கேட்காத தெரு. அதைச் சொந்த ஊரில் கேட்பதற்கு நாம் கப்பலேற வேண்டியதில்லை. "எங்கம்மணி போற?" என்று கேட்பவரிடம், "எங்கயும் இல்லைங்க, சும்மா நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நிற்பதிலிருந்து தொடங்கலாம். ஒருத்தி சொன்னால் திமிர் என்பார்கள். பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் தினமும் நின்றால் பழகிவிடும்.